அஞ்சலை சொன்னது வேறு

நான் பொய் சொன்னேன். காவல்துறை அதிகாரியின் முன்னால், முழு நிதானத்தோடு, ஒரு பதினைந்து வயதுப் பெண் சொன்னதை மாற்றிச் சொன்னேன்.

ஏதோ வாய் தவறி வந்துவிட்டது என்று நீங்கள் எனக்காக இரங்க வேண்டாம்! தாம்பரத்தில் காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எனக்கு வாய் தவறுவதில்லை.

அறுபதுகளின் கடைசி அது. அஞ்சலைக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவள் தாய் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் தெருத்தெருவாக விற்பவள். இந்தப் பெண்ணைச் சேர்க்கவே முடியாது என்றார் தலைமையாசிரியர். நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன். அவளுடைய சைகைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். பள்ளியில் அவள் பேச்சுப் புரிந்த ஒரே ஆள் நான். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை... இன்றும் உண்டு, மறைப்பானேன்?

ஒருநாள் சோதனைக்கூடத்து மைக்ராஸ்கோப் காணாமல் போயிற்று. முந்தின மாலை, தாய்க்காகக் காத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவள் அஞ்சலை. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். அவளை மிரட்டவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ அதை அப்படியே சொல்லுங்க சார். எனக்கு அது போதும்" என்றார் என்னிடம்.

அஞ்சலை மீசையை முறுக்கிக் காட்டினாள். அது சோதனைக்கூட உதவியாளருக்கு அவள் வைத்திருந்த பெயர். பிறகு சைகையிலேயே பூட்டைத் திறந்தாள், கோணிப்பையைத் தோளில் தூக்கினாள். எல்லாம் பளிச்சென்று புரிந்தது.

அந்த உதவியாளர் என் அக்காள் கணவர். வேலை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

அக்காளின் பிள்ளைகள்... என் பெயர்... தயங்கினேனா? ஒரு நொடிகூட இல்லை!

"தான்தான் எடுத்ததாச் சொல்றா சார். கீழே விழுந்து உடைஞ்சுதாம். பயந்துபோய் ஏரியில வீசிட்டாளாம்."

நான் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்கும்? தான் சொன்னதைத்தான் சார் சொல்கிறார் என்று நம்பி, அதிகாரியைப் பார்த்து வேகவேகமாகத் தலையாட்டினாள். அவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

மாலையில் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். பள்ளி அவள் பெயரை நீக்கிவிட்டது. வேறு எந்தப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளும், சொல்லுங்கள்?

மறுநாள் தாய் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னா சார் இது? இவ எவனோ மீசைக்காரன்றா, மூட்டைன்றா... ஒரே பேஜாரா கீது. நீங்க எதுனா தப்பா புரிஞ்சிகினீங்களா? சொல்லுங்க சார், நானே போயி போலீஸ்ல சொல்லிக்கிறேன்."

எவ்வளவு சுலபமான வழி! 'ஆமாம்மா, தப்பாகப் புரிந்துகொண்டேன்' என்றால் போதும். என் மானம்கூடப் போயிருக்காது.

"எனக்குச் சரியாத்தாம்மா புரிஞ்சுது" என்றேன்.

"படிச்சவரு... நீங்களா பொய் சொல்லப் போறீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

அஞ்சலை அழவில்லை. சாருக்கு நேற்றுச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். என்னைப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடியும், மெதுவாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்...

நான் கதவைச் சாத்தினேன். அவள் சொல்லி முடித்தாளா என்று எனக்குத் தெரியாது.