பதிவேட்டில் கடைசிப் பெயர்

யோகேந்திரன் மொன்றியலுக்கு வந்த காலம் தொட்டு, பெயரை எழுதித் தரும்படி யார் கேட்டாலும் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு பேனாவைப் பார்ப்பார். பிறகு 'சிவராசா' என்று எழுதுவார். பீட்சாக் கடையில் சிவராசா, முடிவெட்டும் கடையில் சிவராசா. பார்சல் கொண்டுவருகிற பெடியன் கையெழுத்துக் கேட்டாலும் அதே பெயர்தான்.

உண்மையான சிவராசா அவருடைய மனைவி சிவநேசத்தின் தம்பி. நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஆசுப்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் சமையலுக்காக பியர்பொன்ட்ஸில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் இந்தக் கதைதான்.

"அத்தான், என்ர பேரில இந்த ஊரில எத்தினை பீட்சா போகுது? எனக்குக் கொலஸ்ட்ரோல் வந்ததுக்கு நீங்கள்தான் காரணம்."

"உன்ர பேர் சின்னப் பேர். எழுத லேசு," என்பார் யோகேந்திரன்.

காரணம் அதுவல்ல. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் தோண்டுவதில்லை. தொண்ணூற்றாறில், யாழ்ப்பாணத்தில் ஒரு காவலரணில், ஆமிக்காரன் ஒருவன் கொப்பியைப் பார்த்துப் பெயர் வாசித்தான். யோகேந்திரனின் தம்பி, வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது உயர்த்துவதுபோலக் கையை உயர்த்தினான். ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு பதினொரு வருஷம் அம்மா அவனுடைய படத்தை வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தா. ஒவ்வொரு வாசலிலும் இன்னொரு வாசலைக் காட்டிவிட்டார்கள்.

தொண்ணூற்றேழில் யோகேந்திரன் மொன்றியலுக்கு வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் இருபத்தேழு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அறுபத்து மூன்றில் ஓய்வு எடுத்த கையோடு, யாரிடமும் கேட்காமல், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய வெள்ளைக் காம்பர் வானை வாங்கினார். வாங்குவதற்கு முன் விற்றவரின் வீட்டுக்கு நாலு தடவை போனார். இரண்டு தடவை சொல்லிவிட்டு, இரண்டு தடவை சொல்லாமல். "நல்ல வான் எண்டால் அவன் ஏன் விக்கிறான்?" என்று ஒரு மாதம் யோசித்தார். அந்த மனிதருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை என்று தெரிந்த பிறகும் முழுக்க நம்பவில்லை.

வடக்கே, மரமும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லாத ஜேம்ஸ் குடாப் பக்கமாகத் தனியே போய் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆளில்லாத இடத்தில் ஆள்மேல் சந்தேகம் வராதல்லவா.

"நீரும் வாரும்," என்று சிவநேசத்தைக் கேட்டார்.

"எனக்கு நுளம்புக்கடியும் ஏலாது, பத்தை மறைவும் ஏலாது. நீங்கள் போங்கோ. மனுசரில சந்தேகப்பட்டது காணும், இனி மரங்களில சந்தேகப்படுங்கோ."

வெளிக்கிட்ட அன்று காலை அவ புட்டும் கட்டைச் சம்பலும் கட்டிக் கொடுத்தா. எங்கை போறியள் என்று மட்டும் கேட்கவில்லை. வெளிக்கிடும் ஆளை அப்படிக் கேட்டால் போன காரியம் விளங்காது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

முதல் இரண்டு நாளும் சொர்க்கம்போல இருந்தன. நினைத்த இடத்தில் நிறுத்தினார், நினைத்தபோது தேத்தண்ணி வைத்தார். நேரம் பார்க்கவில்லை. மத்தாகமி என்ற சிறிய ஊர் தாண்டி, வடக்கே போகும் பெருந்தெரு ஆறாவது கிலோமீற்றரில் ஒரு சாவடியைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தியது. பயணிகள் பதியும் இடம் என்று பலகை சொன்னது.

வானைக் கட்டடத்துக்குப் பின்புறமாக நிறுத்திவிட்டு உள்ளே போனார். இளம்பெண் ஒருத்தி இருந்தாள்.

"பொன்ஜூர்! எங்கே போகிறீர்கள்?"

கேட்டுவிட்டாளே என்று அவருக்கு முகம் சுருங்கியது.

"ஏன் கேட்கிறீர்கள்?"

"இந்தத் தெருவில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு வீடு கிடையாது. பெயர், வாகனம், தொலைபேசி, போகுமிடம் எல்லாம் எழுதி வையுங்கள். ஏதும் நடந்தால் நாங்கள் தேடி வருவோம்."

தேடி வருவோம். அவள் புன்னகையோடுதான் சொன்னாள். யோகேந்திரன் பேனாவை எடுத்து, பெயர் சிவராசா என்று எழுதினார். வாகனம்: சாம்பல் நிறக் கார். இலக்கத்தகட்டில் இரண்டு எண்களை இடம் மாற்றினார். தொலைபேசியில் கடைசி எண்ணை மாற்றினார். போகுமிடம் வடக்கே தூரத்தில் உள்ள ராடிசன் என்ற ஊர், ஐந்து நாள். கையெழுத்துக்கூட மைத்துனருடையதுபோல் வளைந்து வந்தது. இருபத்தேழு வருஷப் பழக்கம்.

"நல்ல பயணம், மெஸ்யே சிவராசா," என்றாள் அவள்.

இருநூற்று முப்பதாவது கிலோமீற்றருக்குப் பக்கத்தில், சரளைப் பாதை ஒன்று இறங்கி ஆற்றங்கரையில் முடிந்தது. அங்கே வானை, முகம் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். கரிய ஊசியிலை மரங்கள், காலடியில் பஞ்சுபோல் வெளிறிய பாசி, கருங்கல்லில் மோதிச் சிவப்பாக ஓடும் ஆறு. இரண்டு இரவு தங்கினார். கதிரையைப் போட்டு, காலை நீட்டி, பகல் முழுக்கத் தண்ணீரைப் பார்த்தார். அம்மாவையும் தம்பியையும் நினைத்தார். அழவில்லை. நினைக்க இடம் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பிற்பகல் காற்றில் கரி மணத்தது. வானம் மஞ்சளாகக் கிடந்தது. மேலே தெருவில் நீல நிற பிக்கப் ஒன்று மெதுவாக வடக்கே போனது. கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் திரும்பி வந்தது. யோகேந்திரன் கதிரையை மடித்தார். வண்டி சரளைப் பாதையில் இறங்கியபோது சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

இறங்கியவருக்கு எழுபது வயது இருக்கும். தொப்பி, கனத்த சப்பாத்து. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான கிறீ மக்களில் ஒருவர். கையில் ஒரு தாள்.

"முந்நூறாவது கிலோமீற்றருக்கு அப்பால் காட்டுத்தீ. தெருவை மூடுகிறார்கள். பதிந்தவர்களை எல்லாம் தெற்கே அனுப்புகிறோம்." தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "நீங்கள் சிவராஜாவா?"

தாளைப் பார்த்துப் பெயர் வாசிக்கும் மனிதர். யோகேந்திரனின் நாக்கு அவரைக் கேட்காமலே பதில் சொன்னது.

"இல்லை. நான் யோகேந்திரன். நான் பதியவில்லை."

"பதிந்திருக்க வேண்டும்," என்றார் கிழவர், கோபமில்லாமல். "சரி, உடனே தெற்கே போங்கள். சாம்பல் நிறக் கார் ஒன்றைக் கண்டீர்களா? மொன்றியல்காரர், தனி ஆள். பட்டியலில் அவர் ஒருவர்தான் பாக்கி."

"காணவில்லை."

"போன் எடுத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். பாவம், எந்தக் கிளைப்பாதையில் படுத்திருக்கிறாரோ. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்."

பிக்கப் வடக்கே ஏறியது. யோகேந்திரன் தெற்கே புறப்பட்டார். தப்பியாயிற்று என்றுதான் முதலில் இருந்தது. தீயென்பது உண்மையோ, பெயர் பிடிக்கிற தந்திரமோ என்றுகூட யோசித்தார். பத்து கிலோமீற்றர் போன பிறகுதான் மற்றது உறைத்தது. அந்தக் கிழவர் எந்தப் பாதையில் இறங்கினாலும் சிவராசா இருக்கமாட்டார். இருக்கிற ஆளைத் தேடினால் எங்கோ ஓரிடத்தில் தேடல் நிற்கும். இல்லாத ஆளைத் தேடுகிறவருக்கு நிற்கத் தெரியாது. அதை யோகேந்திரன் பதினொரு வருஷம் தன் அம்மாவின் கடிதங்களில் பார்த்திருக்கிறார். கிழவர் நெருப்புவரைக்கும் போவார்.

தெருவோரத்தில் அவசரத் தொலைபேசி ஒன்று கண்ணில் பட்டது. சாவடிப் பெண்தான் எடுத்தாள்.

"சிவராசாவைத் தேடவேண்டாம் என்று பிக்கப்பில் போகும் கிழவருக்குச் சொல்லுங்கள். சிவராசா இங்கே இல்லை."

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் மைத்துனர். மொன்றியலில் இருக்கிறார்."

"இல்லை மெஸ்யே, இரண்டு நாளுக்கு முன் அவர் இங்கே நின்றார். நானே அவரோடு பேசினேன்." குரல் மாறியது. "அவருக்கு என்ன நடந்தது? நீங்கள் யார்?"

"அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை! அப்படி ஒருவர் வரவே இல்லை!"

"நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பொலிசுக்கு அறிவிக்கிறேன்."

"முதலில் அந்தக் கிழவருக்கு அறிவியுங்கள்!"

"அவருடைய ரேடியோ எடுக்கவில்லை," என்றாள். சொன்ன பிறகு, இவருக்கு ஏன் இதைச் சொன்னோம் என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டது கம்பியிலேயே கேட்டது.

யோகேந்திரன் ரிசீவரை வைத்தார். வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களைப் பார்த்த அதே கண்ணால் இப்போது ஒரு பெண்பிள்ளை அவரைப் பார்க்கிறாள். நியாயம்தான். பொலிஸ் வரும், கேள்வி கேட்கும். நிற்காமல் தெற்கே ஓடலாம். வானை வடக்கே திருப்பினார்.

எதிரே வந்த இரண்டு வண்டிகள் விளக்கைக் கொளுத்தி அணைத்து அவரை எச்சரித்தன. பெரிய ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது புகை மரங்களின் இடுப்புவரை இறங்கியிருந்தது. ஒவ்வொரு கிளைப்பாதையிலும் நிறுத்தி, சரளையில் புது டயர்த் தடம் இருக்கிறதா என்று பார்த்தார். ஐந்தாவதில் இருந்தது. உள்ளே ஒரு கிலோமீற்றரில், ஹோர்னை விட்டுவிட்டு அடித்தபடி, கிழவர் காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"சிவராஜா! சிவராஜா!"

யோகேந்திரன் இறங்கி ஓடினார். புகையில் இருமல் பிடித்தது.

"ஐயா, அந்த ஆள் நான். நான்தான் எழுதினேன்."

கிழவர் திரும்பி, மேலும் கீழும் பார்த்தார். "அப்போது இல்லை என்றீர்களே?"

"பொய் சொன்னேன்."

"இப்போது சொல்வது?"

சாரதி அனுமதிப்பத்திரத்தை நீட்டினார். அதில் யோகேந்திரன் என்று இருந்தது. கிழவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு மனிதர் உள்ளே கிடக்கலாம். உங்களை நம்பி நான் விட்டுப் போக முடியாது."

யோகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு, தான் எழுதிய பொய்களை வரிசையாக ஒப்புவித்தார். சாம்பல் நிறக் கார். இடம் மாற்றிய தகட்டு எண். தப்பான கடைசி எண்ணோடு தொலைபேசி. ராடிசன், ஐந்து நாள். கிழவர் தாளில் விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார். கடைசி எண்ணுக்கு விரல் வந்ததும் மூச்சை விட்டார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"எங்கள் ஊரில் தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தால் ஆளைக் கொண்டுபோவார்கள். என் தம்பியைக் கொண்டுபோனார்கள்."

கிழவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். "எங்கள் பிள்ளைகளையும் தாளைப் பார்த்துத்தான் கொண்டுபோனார்கள். விடுதிப் பள்ளிக்கூடம் என்றார்கள், பலர் திரும்பி வரவில்லை." கையிலிருந்த தாளைத் தட்டி, "இந்தத் தாள் அது இல்லை," என்றார்.

பேனாவை நீட்டினார். யோகேந்திரன் வானின் முன்மூடியில் தாளை வைத்து, தன் முழுப் பெயரையும் தன் சரியான எண்ணையும் எழுதினார். கீழே சிவநேசத்தின் எண்ணையும் சேர்த்தார்.

"நீங்கள் முன்னால் போங்கள்," என்றார் கிழவர். "உங்களை என் பின்னால் விட எனக்கு நம்பிக்கை இல்லை."

யோகேந்திரன் முன்னால் போனார். புகை தடித்த இடங்களில் பின்பார்வைக் கண்ணாடி வெறுமையாகிவிடும். அப்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, கிழவருடைய பிக்கப்பின் இரண்டு வெளிச்சமும் மறுபடி தெரியும்வரை உருட்டினார். தெரிந்த பிறகுதான் மிதித்தார்.