கடிகாரத்தின் வெறும் வயிறு

நீச்சல் குளத்தில் உயிர்காக்கும் காவலருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர் சூட்டியவர், அதே வளாகத்தில் சிற்றுண்டிக் கடை நடத்தும் அவருடைய மனைவியின் தம்பி. வயிறு நிறைய உண்டவர் இரண்டு மணி நேரமும், பழம் தின்றவர் அரை மணி நேரமும் கழித்தே நீரில் இறங்கலாம் என்று காவலர் தம் கைப்படப் பலகை எழுதி, கடை வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். அன்றுமுதல் நீந்த வருவோர் கடைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஆறு ஆண்டுகளாக இருவரும் எலியும் பூனையும்தான்.

ஆண்டுக்கொரு முறை காவலர் எட்டுச் சுற்றுகளைப் பத்து நிமிடத்துக்குள் நீந்திக் காட்ட வேண்டும். தவறினால் வாயிற்கதவைக் காக்கும் வேலைதான். ஒன்பது மணித் தேர்வுக்காகக் கடிகாரம் விடியற்காலை ஐந்து மணிக்கே உண்டுவிட்டு வந்திருந்தார். தேர்வு அதிகாரியோ பத்து என்றார், பதினொன்று என்றார், பிறகு பன்னிரண்டு என்றார்.

கடைக்காரர் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். "சாப்பிடுங்க மாமா. இன்னும் முழுசா ஒரு மணி நேரம் இருக்கு. உங்க பலகையே சரின்னுதானே சொல்லுது?"

"உன் கையால வாங்கித் தின்னுட்டு நான் நீந்தணுமா? போய் வேலையப் பாரு."

"வீம்பு வயித்த நிரப்பாது மாமா."

"என் வயித்த நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டு மணிக்குக் கடிகாரம் நீரில் குதித்தார். நான்கு சுற்றுகள் மீனாய்ப் போனார். ஐந்தாவதில் கண் இருட்டியது. கைகள் ஈரத் துணியாய்த் துவண்டன. நடுக்குளத்தில் மிதவைக் கயிற்றைப் பற்றிக்கொண்டார். கயிற்றைத் தொட்டவர் தோற்றவர்.

கரையேறியவரிடம் அதிகாரி கேட்டார்: "காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எங்க சார்? பழத்தக் குடுத்தா பாம்பப் பாத்த மாதிரி பாக்கறாரு," என்றார் கடைக்காரர்.

"உன்ன யாரும் கேக்கல," என்றார் கடிகாரம்.

அதிகாரி காவலரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "தாமதம் என்னாலதான். மூணு மணிக்கு இன்னொரு தடவை நீந்துங்க. வெறும் வயித்தோட வந்தா இறங்கவே விடமாட்டேன்."

வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. அருகில் வேறு கடையும் இல்லை. கடிகாரம் பல்லைக் கடித்துக்கொண்டு மைத்துனர் கடைமுன் போய் நின்றார். "ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை."

"உக்காந்து சாப்பிடுங்க மாமா. நாற்காலி கடிக்காது."

அவர் நின்றபடியே, கடைக்கு முதுகைக் காட்டித் தின்றார். முடித்தபோது பன்னிரண்டு ஐம்பது. இரண்டு மணி நேரம் கற்சிலையாய் அமர்ந்திருந்தார். மூன்று மணிக்கு இறங்கி, ஒன்பதரை நிமிடத்தில் எட்டாவது சுற்றை முடித்தார். அதிகாரி கையெழுத்திட்டார்.

"நீந்தினது அவரில்ல, என் கடை ரொட்டி," என்று கடைக்காரர் கரையில் நின்றவர்களிடம் முழங்கினார். எல்லோரும் சிரித்தார்கள்.

காவலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரர் அருகே வந்தார். "உன் அக்கா முகத்துக்காகத்தான் உன்ன இந்தத் தண்ணியில முக்காம விட்டு வச்சிருக்கேன்," என்று அடிக்குரலில் சொல்லிவிட்டு, ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தம் இடத்துக்குத் திரும்பினார்.