எலி ஆண்டுக்காரி ஒக்சிம்

ஒக்சிம் எங்கள் பள்ளிக்கு வந்த அன்று அவள் கைகளைத்தான் நான் முதலில் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தது. சியோலில் டோப்பா கம்பெனியில் கொஞ்ச நாள் முடி தைத்தேன் சின்னம்மா என்றாள். சூடாக ஒரு கிண்ணம் பார்லிக் கஞ்சி கொடுத்தேன். குனிந்த தலை நிமிராமல் குடித்தாள்.

துறைமுகத்துக்கு மேலே குன்றின்மீது எங்கள் சபைக்கட்டடத்தை ஒட்டி இருந்தது பள்ளி. பெண்பிள்ளைகளுக்கானது. மூன்றே வகுப்புகள், எல்லோரையும் சேர்த்தாலும் எழுபது பேர் தேறமாட்டார்கள். பாதிப்பேர் தீவுகளிலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள். அவர்களுக்குச் சோறாக்குவது என் வேலை. நான் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிட்டவள். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பாடம் படிக்கும் சத்தத்தில்தான் என் உலை கொதிக்கும். அதற்காகக் கர்த்தருக்கு நான் தினமும் நன்றி சொன்னதுண்டு.

ஒக்சிம் முதல் வகுப்பில் சேர்ந்தாள். எலி, மாடு என்று பன்னிரண்டு விலங்குகளின் பேரில் சுற்றிவரும் எங்கள் ஆண்டுக் கணக்கில், அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முயல் ஆண்டில் பிறந்தவர்கள். "முயல் கூட்டம் வருது, வழி விடு" என்று கத்திக்கொண்டேதான் சாப்பாட்டு அறைக்குள் நுழைவார்கள். வந்த வாரமே ஒக்சிமும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டாள். ஜோங்ரிம் என்றொரு குட்டைப் பிள்ளை. தீவுக்காரி, வாயாடி. இருவரும் ஒரே மெத்தையில் படுத்தார்கள், ஒரே சாக்லேட்டைக் கடித்துத் தின்றார்கள். காலையில் ஒக்சிமை எழுப்புவது ஜோங்ரிமின் வேலை. தலையில் ஒரு தட்டுத் தட்டி, "எழுந்திருடி தூங்குமூஞ்சி, ஆசிரியை வந்துட்டாங்க" என்று பொய் சொல்வாள்.

மூன்றாம் வகுப்புத் தலைவி ஹேக்யோங் வேறு மாதிரி. அவள் அப்பா சபை மூப்பர். முதுகு வளையாமல் நிற்பாள். மூத்தவர்களுக்கு முன்னால் இளையவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பு இல்லை. வசந்தத்தில் ஒருநாள் ஒக்சிம் வாளித் தண்ணீரோடு போகையில் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லாமல் போய்விட்டாள். ஹேக்யோங் அவளைக் கூப்பிட்டு, முற்றத்துச் சரளைக் கல்லில் மண்டியிட வைத்தாள். "அக்காமாரைப் பார்த்தா கண்ணு தெரியாதோ?" சாயங்காலம் முட்டியில் ஒட்டியிருந்த கற்களை ஜோங்ரிம்தான் எடுத்துவிட்டாள்.

சாப்பாட்டு அறையிலும் அந்த ஒழுங்குதான். ஹேக்யோங் எழுந்து ஜெபம் சொல்வாள். ஆமென் ஆனதும் அவள்தான் முதலில் கரண்டியை எடுப்பாள். அவள் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம். வீட்டில் பெரியவருக்கு முன்னால் எந்தப் பிள்ளை கரண்டியில் கை வைக்கும்? அதே மாதிரி.

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி, அதாவது மிளகாய் சேர்த்த கோஸ் ஊறுகாய், போடும் நாள் வந்தது. பள்ளிக்கூடமே அன்று முற்றத்தில்தான் இருக்கும். கோஸை இரண்டாகப் பிளந்து உப்பில் போட்டுக்கொண்டிருந்தோம். கிம்ச்சியில் சேர்க்கும் உப்பு நெத்திலி ஊறல் விற்கும் கூ தன் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, கோஸுங்களும் பரீட்சைக்குப் படிச்சுதா? இப்படி மெலிஞ்சு கிடக்கு."

"உங்க ஊறல்ல தண்ணி கலக்காம இருந்தா அதே போதும்" என்றேன்.

"உங்க சாமி மேல சத்தியமா இல்லம்மா."

"எங்க சாமியை ஊறலுக்குள்ள இழுக்காதீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். கூவுக்கு அது போதும். பானையை இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொருத்தியிடமும் பிறந்த ஆண்டைக் கேட்டு அடுத்த வருடப் பலன் சொல்ல ஆரம்பித்தார். ஆண்டவர் வீட்டு முற்றத்தில் இதெல்லாம் வேண்டாம் என்றேன். "வெறும் வாயை மெல்ல முடியுமாம்மா?" என்றார்.

"முயலா? வருஷம் பூரா ஓட்டம்தான். நீயும் முயலா? அடடா, பூரா முயல் பண்ணையா இருக்கே." ஹேக்யோங்கிடம் திரும்பினார். "நீங்க மாடு. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. உழைப்பு உண்டு, கோபமும் உண்டு."

முற்றம் முழுக்கச் சிரிப்பு. ஹேக்யோங்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒக்சிம் உப்புக்கோஸ் நிறைந்த பெரிய அலுமினியத் தொட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். பாரத்தில் மூச்சு வாங்கியது.

"நீ என்னம்மா?"

"எலி" என்றாள்.

பாரம் தூக்கியவள் யோசித்துப் பதில் சொல்வதில்லை. பேர் கேட்டால் பேர் சொல்வது மாதிரி அது வந்துவிட்டது. தொட்டியைக் கீழே வைத்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. முகம் வெளிறிவிட்டது.

கூவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எலியா? விலங்குங்க ஓட்டப்பந்தயத்துல மாட்டு முதுகுல ஏறிவந்து கடைசில முன்னால குதிச்சு ஜெயிச்சுதே, அந்த எலியா? நீ பிழைச்சுக்குவ" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

எலி, மாடு, புலி, முயல். பிள்ளைகளின் விரல்கள் மடிவதைப் பார்த்தேன். ஒக்சிம் தன் கூட்டத்தைவிட மூன்று வயது பெரியவள். ஹேக்யோங்கைவிடவும் ஒரு வயது மூத்தவள்.

"நீ முயல் இல்லையா?" ஜோங்ரிம் கேட்டாள்.

"எனக்கு முந்திப் பொறந்த ரெண்டும் தங்கல. நானாவது பிழைக்கிறேனான்னு பார்த்துட்டு, மூணு வருஷம் கழிச்சுத்தான் அப்பா பேரைப் பதிஞ்சார். பதிவுல நான் முயல்தான்."

"பதிவுல" என்றாள் ஹேக்யோங். கையிலிருந்த கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தலைமையாசிரியை மா நல்ல மனுஷி. செய்தி காதில் விழுந்ததும் எல்லோரையும் நிற்கவைத்து, பள்ளியில் வகுப்புதான் கணக்கு, வயது இல்லை என்றார். பிள்ளைகள் சரி என்று தலையாட்டினார்கள். தலையாட்டலாம். தெரிந்துபோன வயதைத் தெரியாததாக எப்படி ஆக்குவது?

அன்று மாலை ஹேக்யோங் ஜெபம் சொன்னாள். ஆமென் ஆயிற்று. அவள் கை மேசைமேலேயே கிடந்தது. முதல் வகுப்பு மேசைப் பக்கம் திரும்பி, "மூத்தவங்க எடுக்கட்டும்" என்றாள்.

யாரும் எடுக்கவில்லை. ஒக்சிம் எதிரில் இருந்த ஜோங்ரிமைப் பார்த்தாள். ஜோங்ரிம் கிண்ணத்தைப் பார்த்தாள். சூப்பின் ஆவி மெல்ல மெல்ல அடங்கியது. எவளோ ஒருத்தியின் வயிறு உறுமியது. யாரும் சிரிக்கவில்லை. நான் அண்டாவுக்குப் பின்னால் நின்று, ஆண்டவரே யாராவது ஒரு பிள்ளையின் கையைக் கரண்டிக்கு நகர்த்தும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒக்சிம் எழுந்தாள். எல்லோரையும் பார்த்துக் குனிந்து வணங்கினாள். சாப்பிடாமல் வெளியே போனாள். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் எந்தக் கரண்டியும் அசையவில்லை.

மறுநாள் விடியற்கால ஜெபத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் என்னோடு அடுப்படிக்கு வந்தாள். துணிமூட்டையைப் படியோரம் வைத்தாள்.

"சாயங்கால பஸ்ல போறேன் சின்னம்மா. கோஸ் உப்புல கிடக்கு, அதை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல. முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்."

"டோப்பா கம்பெனிக்கா?"

"வேற எங்க போவேன்? அந்த வேலைக்கு எப்பவும் ஆளு வேணும்."

அங்கே போனால் திரும்பிப் படிக்க வரமாட்டாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"முன்னாலயே சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா?" அடுப்பில் விறகைத் தள்ளினாள். "வீட்டுல நான் மூத்தவ. கம்பெனில சின்னதுங்களுக்கெல்லாம் நான்தான் அக்கா. எவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அக்கான்னு என்கிட்டத்தான் வருவா. இங்க மட்டும்தான் ஒருத்தி என் தலையில தட்டி தூங்குமூஞ்சின்னு எழுப்பினா. அது நல்லாருந்துச்சு சின்னம்மா. வேற ஒண்ணுமில்ல."

அவள் கையில் ஒரு சூடான சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்தேன்.

அன்று முழுவதும் முற்றத்தில் வேலை நடந்தது. பிள்ளைகள் அவளிடம் கோபமாக இருக்கவில்லை. அவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். பேர் சொன்னால் மூத்தவளை அவமதித்தது போல. அக்கா என்றால் நேற்றுவரை தோழியாக இருந்தவளைத் தள்ளிவைத்தது போல. அதனால் காற்றிடம் பேசினார்கள்.

"இந்தத் தொட்டியை யாராவது நகர்த்தினா நல்லாயிருக்கும்" என்று தொட்டியிடம் சொன்னாள் ஒருத்தி. ஒக்சிம் நகர்த்தினாள்.

"மிளகாய்த்தூள் போதுமான்னு தெரியலையே" என்று முள்ளங்கிக் குவியலிடம் கேட்டாள் ஜோங்ரிம்.

"போதும்" என்றாள் ஒக்சிம், அவளும் முள்ளங்கியைப் பார்த்து.

மசாலா அடைக்கும்போது கோஸின் நடுவிலிருக்கும் மஞ்சள் குருத்தைக் கிள்ளி, மசாலா சுற்றி, எதிரில் இருப்பவர் வாயில் ஊட்டிவிடுவோம். அது இல்லாமல் கிம்ச்சி போட்டதாகவே எங்களுக்குத் தோன்றாது. எல்லாப் பிள்ளைகளின் உதடும் சிவந்திருந்தது. ஒக்சிமின் உதடு மட்டும் சிவக்கவில்லை. அவளும் யாருக்கும் ஊட்டவில்லை. ஜோங்ரிம் ஒரு குருத்தைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். பிறகு தானே தின்றுவிட்டாள்.

பன்றிக்கறி வெந்துகொண்டிருக்கும்போது ஹேக்யோங் அடுப்படிக்குள் வந்தாள். கையைக் கழுவ வந்ததுபோல நின்றாள். கழுவவில்லை.

"சின்னம்மா, அந்த மூட்டை... அவங்க... அவ போறாளா?"

"சாயங்கால பஸ்ல."

அவள் சுவரைப் பார்த்தாள். "மூத்தவங்களைச் சரளைக்கல்லுல மண்டி போட வச்சிருக்கேன். எங்கப்பா காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"மன்னிப்பு கேக்கலாமே மகளே."

"யார்கிட்ட? முதல் வகுப்புப் பொண்ணுகிட்டயா? கேட்டா நாளைக்கு எவ என் பேச்சைக் கேப்பா? அக்கான்னு நெனச்சுக் கேக்கலாம்னா, அவங்க அக்காவா இருக்க மாட்டேங்கறாங்களே. நேத்து அவங்க கரண்டியை எடுத்திருந்தா அங்கேயே எழுந்து கேட்டிருப்பேன்." மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொல்லையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஒக்சிமிடம் போனேன். புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? பார்த்ததைச் சொன்னேன். "ஹேக்யோங் அடுப்படியில அழுதுட்டுப் போறா. உன்னை மண்டி போட வச்சதை நெனச்சு. நீ கரண்டியை எடுத்திருந்தா அங்கேயே கேட்டிருப்பாளாம்."

ஒக்சிம் கழுவிய தொட்டியையே மறுபடி கழுவினாள்.

கறியும் புதுக் கிம்ச்சியும் மேசைக்குப் போயின. எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியையும் ஆசிரியைகளும் தங்கள் அறையில் சாப்பிட்டார்கள். ஹேக்யோங் எழுந்து ஜெபம் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது. ஆமென்.

ஒரு கரண்டியும் அசையவில்லை.

ஒக்சிம் வாசலில் மூட்டையோடு நின்றாள். கீழே துறைமுக வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அங்கிருந்து குன்றடிக்கு வர அதிக நேரம் ஆகாது. ஓடினால்தான் பிடிக்கலாம். அவள் முதல் வகுப்பு மேசையைப் பார்த்தாள். ஜோங்ரிமின் பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. ஜோங்ரிம் இந்தத் தடவை கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தாள்.

ஹாரன் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

ஒக்சிம் மூட்டையைச் சுவரோரம் வைத்தாள். தன் பழைய இடத்தைத் தாண்டி நடந்தாள். ஜோங்ரிமின் முதுகுக்குப் பின்னால் போகும்போது நடை ஒரு கணம் தளர்ந்தது. நிற்கவில்லை. மூன்றாம் வகுப்பு மேசைக்குப் போய், ஹேக்யோங் உட்காரும் தலைப்பக்க இடத்தில் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்து, சூப்பில் விட்டு, வாயில் வைத்தாள்.

"சாப்பிடுங்கடி" என்றாள். "ஆறிப்போகுது."

அத்தனை கரண்டிகளும் ஒன்றாக எழுந்த சத்தம் இருக்கிறதே, அதற்குமேல் நான் பஸ் சத்தத்தைக் கேட்கவில்லை.

ஹேக்யோங் உட்காரவில்லை. எல்லோர் முன்னிலையிலும் இடுப்பு வளைந்து குனிந்தாள். "அக்கா, அந்தச் சரளைக்கல்லு..."

"முட்டி இன்னும் வலிக்குது. அந்தப் பெரிய கறித்துண்டை இங்க வை, சரியாப் போகும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வாயில் சோற்றோடு. நான் அடுப்புப் பக்கம் திரும்பி என் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஜோங்ரிம் தண்ணீர்க் குவளையோடு வந்தாள். மூத்தவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். "தண்ணி, அக்கா." ஒக்சிம் அதை ஒரு கையால் வாங்கிக்கொண்டாள். மூத்தவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். அந்தத் தண்ணீரை அவள் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் மூன்று வகுப்பும் முடித்தாள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எவளுக்கு வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தாலும் ஒக்சிம் அக்காதான். இப்போது தீவுப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறாள். என்னைவிட வயதான மீனவர்கள்கூட வேடிக்கைக்கு அவளை அக்கா என்கிறார்கள். திட்டிக்கொண்டே டிக்கெட் கிழிக்கிறாள்.

அந்தக் கிம்ச்சி போட்டு முடித்த மறுநாள் காலை விடுதிக்கு வெந்நீர் கொண்டுபோனேன். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து மெத்தையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒக்சிம் மட்டும் போர்வைக்குள் இருந்தாள். விழித்துத்தான் இருந்தாள், இமை துடித்தது. ஜோங்ரிம் அவள் பக்கத்தில் மரியாதையாக முட்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எழுந்திருங்க."

ஒக்சிம் அசையவில்லை.

ஜோங்ரிம் இப்படியும் அப்படியும் பார்த்தாள். மற்றவர்கள் மெத்தையோடு திரும்பியிருந்தார்கள். நான் கெண்டியின் மூடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் கையை நீட்டி, ஒக்சிமின் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"எழுந்திருங்க அக்கா" என்றாள் மறுபடியும். "ஆசிரியை வந்துட்டாங்க."

யாரும் வரவில்லை.