பாதிச் சில்லும் இரண்டு மேயர்களும்

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கேடயம் அடித்துக் கொடுக்கும் கடையில் நெடுங்காலம் டிசைன் செய்தவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு ஜெர்மன் சக்கரத்தின் கதையைச் சொல்லிவைக்கிறேன்.

ரூபன் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருப்பவர். அங்கே தமிழ் வகுப்பு நடத்த இடமில்லை. மேயரிடம் ஒரு மண்டபம் கேட்டிருந்தார்கள்; அவர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, ஊர்ச் சின்னம் பொறித்த கேடயத்தைக் கையில் கொடுத்தால் மனம் இளகும் என்பது ரூபனின் திட்டம். நம் ஆட்கள் வேறு எப்படித்தான் காரியம் பார்ப்பது?

அவர் எங்கள் கடைக்குக் கொண்டுவந்த சின்னத்தில் கீழே நீல அலை. மேலே, ஆற்றுத் தண்ணீரில் ஓடும், மா அரைக்கும் ஆலையின் சக்கரம்; எங்கள் பேச்சில் சில்லு. ஆனால் பாதிதான் இருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, சில்லு அரைவாசியாக் கிடக்கு? நல்ல காரியத்துக்கு உடைஞ்ச சாமானே குடுக்கிறது?”

“நான் இவ்வளவு காலமும் கவனிக்கேல்லை அண்ணை. முழுசாவே போடுங்கோ,” என்றார் ரூபன்.

“எதுக்கும் அங்கை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்,” என்றேன். இருவரும் என்னை அபசகுனத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முழுதாக்கினேன். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் வந்தது.

விழா முடிந்து ரூபன் போன் எடுத்தார். அழுகையா சிரிப்பா என்று பிடிபடாத குரல்.

“அக்கா, கேடயத்தைப் பாத்திட்டு மேயர் அப்பிடியே நிண்டிட்டார். அந்த ஆலை எங்கடை ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவிலை இருந்ததாம். ஆருக்குச் சொந்தமெண்டு பெரிய சண்டையாம். கடைசியிலை ஊருக்குப் பாதியெண்டு தீர்த்து, ரெண்டு ஊரும் சின்னத்திலை அரைச் சில்லு வைச்சிருக்கினமாம்.”

“ஐயோ, அப்ப மற்ற ஊரின்ரை பாதியையும் நாங்கள் பறிச்சுக் குடுத்திட்டமோ?”

“ஓம். அந்த ஊர் மேயரும் முன்வரிசையிலை இருந்தவர். நான்தான் கூப்பிட்டனான்.”

மண்டபம் போச்சு என்றே நினைத்தேன்.

மற்ற ஊர் மேயர் எழுந்து மேடைக்கே வந்துவிட்டாராம். “எங்கட பாதியை எப்ப களவெடுத்தனீங்கள்?” என்று அவர் கேட்டதும் சபை விழுந்து விழுந்து சிரித்ததாம். ஆனால் கேடயத்தை யார் கொண்டுபோவது? இவர் மாட்டினால் அந்த ஊருக்குக் கோபம், அவர் மாட்டினால் இந்த ஊருக்குக் கோபம்.

“கடைசியிலை, ரெண்டு ஊர்ப் பிள்ளையளும் வாற இடத்திலை இருக்கட்டும் எண்டிட்டினம். அதை மாட்ட ஒரு சுவர் வேணுமே! மண்டபம் எங்களுக்கு, அக்கா! கேடயம் தமிழ் வகுப்பிலை தொங்குது!”

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் கற்றது இதுதான்: சின்னத்தில் குறையாகத் தெரிவது, யாரோ சண்டை பிடித்துப் பேசித் தீர்த்த முடிவாக இருக்கலாம். கேட்காமல் கைவைக்காதீர்கள். கைவைத்துத் தப்பினாலும் அதை உங்கள் கெட்டித்தனம் என்று நினைக்காதீர்கள்.

முதலாளி அப்படித்தான் நினைத்தார். அடுத்த கிழமை வேறோர் ஊரின் சின்னம் வந்தது. பக்கவாட்டில் பார்க்கும் கழுகு. “பாவம், இதுக்கு மற்றக் கண்ணையும் வைச்சுவிடுவமே?” என்றார்.