நான்காம் தட்டில் ஒன்றும் இல்லை

லூமீர் புகைபோக்கி துடைக்கிறவன். பிர்டி மலையடிவாரத்து ஏழு ஊர்க் கூரைகளும் அவனுக்கு அத்துப்படி. யார் வீட்டில் நல்ல விறகு எரிகிறது, யார் பழைய செருப்பையும் அடுப்பில் தள்ளுகிறார்கள் என்று கரியை முகர்ந்தே சொல்லிவிடுவான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனைக் கைகழுவியது. வாத்தியார் நாற்காலியில் பசை தடவியதுதான் காரணம் என்று அவன் பெருமையாகச் சொல்வான். கணக்கில் வாங்கிய மதிப்பெண்தான் காரணம் என்று அவன் அம்மா சொல்வாள். இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது.

புகைபோக்கிக்காரனைத் தெருவில் கண்டால் அதிர்ஷ்டம் என்று பெண்கள் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார்கள். லூமீர் உடனே கரிக்கையை நீட்டி, "பொத்தான் எதுக்கு, ஆளையே பிடிச்சுக்கோ" என்பான். அவன் அப்படித்தான். ஒருமுறை மரப்பட்டைக்கு அடியில் வாழும் பூச்சி ஒன்றைப் பலகைக்கல்லில் ஒட்டி, பியர்க்கடை மேசையில் வைத்து, "ஐம்பது கோடி வருஷத்து ட்ரைலோபைட், பாருங்க" என்றான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பூச்சி எழுந்து நடந்து போனது. பசை பத்தவில்லை.

பலகைக்கல்லுக்குள் கல்லாகிப்போன ஆதிகாலக் கடற்பூச்சிக்கு அந்த ஊரில் கல்பூச்சி என்று பெயர்; யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமையானால் பாதி ஆண்கள் சுத்தியலோடு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், "எங்க கிடைச்சது?" என்று மரியாதைக்குக் கேட்பார்கள். கிடைத்தவனும் மரியாதைக்கு ஒரு பொய் சொல்வான். ஆற்றுக்கு இந்தக் கரை என்றால் அந்தக் கரை, மேலே என்றால் கீழே. கேட்டவன் நம்ப மாட்டான், சொன்னவனும் நம்புவான் என்று எதிர்பார்க்க மாட்டான். யாருக்கும் சேதமில்லை.

லூமீருக்கு முப்பது வயதில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு முள்கூட உடையாத முழுப் பூச்சி கிடைத்தது. கிடைத்த இடம்தான் வேடிக்கை. நாலு ஊர் தள்ளி ஒரு வீட்டில் பழைய அடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். அடியில் கிடந்த பலகைக்கல்லைக் கடப்பாரையால் நெம்ப, அது இரண்டாக விரிந்தது. எந்தக் காலத்தில், எந்தக் குழியிலிருந்து வந்த கல்லோ!

வெள்ளிக்கிழமை பியர்க்கடையில் அதைக் காட்டியபோது அலோய்ஸும் அங்கே இருந்தான். ரயில்வே கேட் திறந்து மூடுகிற அலோய்ஸ். அவன் மனைவி பிர்ஷீப்ராம் நகரத்துப் பல் வைத்தியரோடு போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் எட்டு வயது மகள் ராட்கா. சுத்தியல் கூட்டத்தில் அவன் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கையில் சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்திருந்தான்.

"எங்க கிடைச்சதுடா லூமீர்?"

"பழைய குவாரில. மேலேர்ந்து நாலாம் பாறைத் தட்டு. சாஞ்ச பிர்ச் மரம் இருக்குல்ல, அதுக்கு இடப்பக்கம் மூணு முழம்."

மூன்று முழம் என்றதும் மற்றவர்கள் பியர்க் கோப்பைக்குள் சிரித்தார்கள். அளவு சொன்னாலே பொய் என்பது பாலர் வகுப்புப் பாடம். அலோய்ஸ் மூன்று முழத்தை எழுதி, கீழே கோடும் போட்டுக்கொண்டான்.

அடுத்த வெள்ளி எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொல்லிக் கேலி பண்ணுவதுதான் லூமீரின் திட்டம். நடுவில் செவ்வாய்க்கிழமை அலோய்ஸ் வீட்டுப் புகைபோக்கியைத் துடைக்கப் போனான். ராட்கா வாசலில் நின்றாள்.

"மாமா, அப்பா சனிக்கிழமை தாடி மழிச்சாரு. ரொட்டி கட்டும்போது பாட்டுகூட பாடினாரு."

"நல்லாப் பாடினாரா?"

"ரொம்ப மோசம்" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

லூமீர் கூரை மேல் ஏறி, தேவைக்கு அதிகமாக ஒரு மணி நேரம் துடைத்தான். வெள்ளிக்கிழமை அவன் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு வாரம் போகட்டும் என்று நினைத்தான். போனது பதினொரு வருஷம்.

பதினொரு வருஷமும் அலோய்ஸ் சனிக்கிழமை தவறாமல் அந்தத் தட்டைக் குடைந்தான். உடைந்த வால், அரைத் தலை, அவ்வளவுதான் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினான்: 'பழைய குவாரி, லூமீர் தட்டு.' இப்படி நானூறு சீட்டுக்கு மேல் இருக்கும். ஊரில் வேறு யார் பெயரையும் யாரும் நானூறு முறை அவ்வளவு நல்ல கையெழுத்தில் எழுதியதில்லை. அந்தப் பெட்டிகளைப் பார்க்கக் கூப்பிட்டால் லூமீருக்கு எப்போதும் பல்வலி வந்துவிடும். தன் முழுப் பூச்சியைக் குளிர்காலக் காலுறைக்குள் திணித்து அலமாரி அடியில் தள்ளியிருந்தான்.

இந்த வசந்தத்தில் அவன் பேக்கரிக் கூரை மேல் இருந்தபோது கீழே சைக்கிள் மணி அடித்தது. ராட்கா. இப்போது பத்தொன்பது வயது, நர்ஸ் படிப்பு. கையில் எதையோ தூக்கிக் காட்டினாள்.

"மாமா, இது என்னன்னு சொல்லுங்க!"

"சட்டி மூடி மாதிரி... இல்ல, தகரத் தட்டா?"

"அப்பாவோட பிளாஸ்க்!"

லூமீர் இறங்கி வந்தான். பிளாஸ்க் சப்பட்டையாக இருந்தது.

"அடுப்பு சைசுக்கு ஒரு கல்லு மேலேர்ந்து விழுந்திருக்கு. அப்பா ஒதுங்கப் போன நேரம். அடில குடைஞ்சு குடைஞ்சு, மேல பாறை கூரை மாதிரி தொங்குது மாமா. நான் சொன்னா, 'இன்னும் ஒரு முழம்தான் ராட்கா'ங்கறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

நான் சொல்லித்தானே போனான் என்று வாய் வரை வந்தது. "சொல்றேன்" என்று மட்டும் சொன்னான். ராட்கா அவன் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு அதிர்ஷ்டம் கேட்டு அவனைத் தொட்டவர்களில் அவள் ஒருத்தியிடம் மட்டும் அவனால் கேலி பேச முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் காலுறையோடு குவாரிக்குப் போனான். பாறைக்கு அடியில் அலோய்ஸின் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தன.

"அலோய்ஸு, வெளிய வா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. காது உள்ளயும் கேக்கும்."

"இங்க ஒண்ணுமில்லடா. அந்தப் பூச்சி இங்க கிடைக்கல. அன்னிக்கு சும்மா சொன்னேன்."

சுத்தியல் நின்றது. அலோய்ஸ் பின்பக்கமாக ஊர்ந்து வந்து, ரயில்வே தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினான்.

"பின்ன எங்க கிடைச்சதாம்?"

"ஒரு வீட்டு அடுப்புக்கு அடில."

அலோய்ஸ் சிரித்த சிரிப்பில் காக்கை இரண்டு பறந்தன. "அடுப்புலயா! வெந்துச்சா? நடந்து போச்சே அந்தப் பூச்சி, அதுவே இதவிடத் தேவலாம்."

"சத்தியமாடா. அம்மா மேல."

"எந்த வீடு? காட்டு."

"இடிச்சிட்டாங்க."

"அதானே பாத்தேன்."

லூமீர் காலுறையிலிருந்து பூச்சியை எடுத்து நீட்டினான். "இத நீ வச்சுக்கோ. இனிமே இங்க வராத. பாறை தொங்குது பாரு."

அந்த இடத்தில்தான் அலோய்ஸின் சிரிப்பு அடங்கியது. பூச்சியைப் பார்த்தான், லூமீரைப் பார்த்தான். கண் சுருங்கியது.

"போன வாரம் தலைத்துண்டு ஒண்ணு காட்டினேன். கட்டைவிரல் அகலம். நீ ஒண்ணும் பேசல. இந்த வாரம் இங்க ஒண்ணுமே இல்லங்கற. லஞ்சம் வேற. கிட்ட வந்துட்டேன்னு தெரிஞ்சதும் உனக்கு மூக்குல வேர்த்திருச்சு, இல்ல?"

"அலோய்ஸு..."

"இல்லாத இடத்த இருக்குன்னு சொல்றதும், இருக்கற இடத்த இல்லன்னு சொல்றதும் எனக்குத் தெரியாதா? பதினொரு வருஷமா நானும் இந்தக் கூட்டத்துலதான் இருக்கேன். முந்தாநாள் ஒருத்தன் கேட்டான், நானே ஆத்தங்கரைனு சொல்லி அனுப்பினேன்."

லூமீர் பொய் சொன்ன நாளில் அலோய்ஸுக்கு வழக்கம் தெரியாது. உண்மை சொல்ல வந்த நாளில் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான். இன்னும் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தான் லூமீர். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது புளுகாகத்தான் கேட்டது. அடுப்பு என்று இன்னொரு தரம் சொன்னால் அவனே சிரித்துவிடுவான் போல இருந்தது.

அலோய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு பையைத் திறந்து, ரொட்டிக்கு நடுவே வைத்த பன்றி வறுவலை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினான்.

"தின்னு. தப்பு என் மேலயும் இருக்கு. உன் இடம். நீ காட்டின இடம். இத்தன வருஷம் ஒரு நாளாவது வாடான்னு கூப்பிட்டேனா? தனியாவே தின்னுட்டேன். இனிமே பங்கு. கல்லு பிளந்தா பூச்சியோட உடம்பு உனக்கு, மறுபாதில பதிஞ்ச வெறும் அச்சு எனக்கு."

இந்தக் கூட்டத்தில் உடம்பை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், சொந்தத் தம்பிக்குக்கூட. லூமீர் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். கரி கண்ணில் விழுந்தது என்றான். காலையில் குளித்துவிட்டு வந்தவன்.

"பங்குன்னா ஒரு கண்டிஷன்" என்றான் கடைசியில். "மேல தொங்கறதத் தட்டிக் கீழ தள்ற வரைக்கும் நீ அடில போகக் கூடாது. அது என் வேலை. கயிறு இருக்கு, எனக்குப் பழக்கம்."

"மேலேர்ந்து வந்து முந்திக்கப் பாக்கறியா?"

"தள்றதெல்லாம் உன் காலடிலதானேடா விழும். நீயே பிளந்துக்கோ."

அலோய்ஸ் யோசித்தான். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினான். "சரி" என்றான்.

அன்றிலிருந்து லூமீர் சனிக்கிழமைகளில் புகைபோக்கிக் கயிற்றை மேலே ஓக் மரத்தில் கட்டி, இடுப்பில் மாட்டிக்கொண்டு, பாறை விளிம்பில் கடப்பாரையோடு தொங்குகிறான். பாறை துண்டு துண்டாக இறங்குகிறது. அலோய்ஸ் எட்ட நின்று விழுந்ததையெல்லாம் இழுத்துப்போய்ப் பிளக்கிறான். ராட்கா ஒருமுறை புது பிளாஸ்க்கோடு வந்து பார்த்தாள். "மாமா, நீங்க தங்கம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையால் லூமீருக்கு அன்றிரவு முழுக்கத் தூக்கம் போனது.

மே மாத வெயிலில் இப்போது பாதித் தொங்கல் போய்விட்டது. இன்னும் பத்து சனிக்கிழமை ஆகலாம். அதற்குப் பிறகு அலோய்ஸ் அடியில் படுத்தாலும் தலையில் எதுவும் விழாது. எதுவும் கிடைக்கவும் கிடைக்காது. கயிற்றில் தொங்கியபடி லூமீரும் கைக்கு வந்த பலகையைச் சுத்தியலால் தட்டிப் பிளக்கிறான், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறான். ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறான்.

"ஏதாவது?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"இன்னும் இல்ல" என்பான் லூமீர். சொன்ன பிறகு அந்த 'இன்னும்' அவன் காதில் விழும். திருத்துவதற்குள் கீழே சுத்தியல் சத்தம் தொடங்கிவிடும்.