மானின் வாயில் வைத்த கிளை

அப்பாவின் சவப்பெட்டியருகே சாத்தியிருந்த மலர்வளையத்திலிருந்து ஊசியிலைக் கிளைகளின் பிசின் மணம் எழுந்தபோது, தோளில் உறங்கும் மகளோடு நான் நினைவில் பழைய காட்டுக்குப் போய்விட்டேன்.

ஜேர்மனியில் அப்பா வேட்டை அனுமதிப் பரீட்சையில் தேறிய இலையுதிர்காலத்தில், பனி சொட்டும் பரணில் கம்பளிக்குள் என்னையும் சுற்றிக்கொண்டு, தேநீர்ப் போத்தல் திறக்கும் சத்தத்துக்கும் அஞ்சி, வெளிச்சம் வரும்வரை காத்திருப்பார். "கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற மனுசன் மான் சுடப் போறாராம்," என்று அம்மா வாசலில் நின்று நக்கலடிப்பா. "கோழிக்கறி கேக்கேக்கை இந்த ஞாயம் வரேல்லையே," என்பார் அப்பா.

முதல் மான் விழுந்த காலையில், ஜேர்மன் வேட்டைக்காரரின் வழக்கப்படி, அதன் வாயில் கடைசிக் கவளமாக ஒரு சிறு கிளையை வைக்கவேண்டியிருந்தது. குந்தியிருந்து வைத்தவர் எழும்பவில்லை. "வாய்க்கரிசி, பிள்ளை," என்றார். "என்ரை ஐயாவுக்குப் போட எனக்குக் குடுத்துவைக்கேல்லை." அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் ஊரில் நடந்த தன் தகப்பனின் செத்தவீட்டுக்கு அவரால் போக முடியவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன்பிறகு அவர் துவக்கை எடுக்கவில்லை. அந்தக் காட்டையும் மரப்பட்டை துளைக்கும் வண்டு தின்றுவிட்டது. மரங்களை வெட்டிய இடத்தில் இப்போது வெறும் அடிக்கட்டைகள்தான்.

"அரிசி போடுங்கோ, தங்கச்சி," என்றார் சவப்பெட்டியருகே நின்ற ஐயர். போட்டேன். பிறகு, சனம் என்ன சொல்லுமோ, சாத்திரத்துக்குப் பிழையோ என்று யோசித்தபடியே, மலர்வளையத்துக் கிளையில் ஒரு நுனியை ஒடித்து அப்பாவின் உதட்டில் வைத்தேன்.