இரும்பு மாத்திரையும் சீஸ் துண்டும்

பெரம்பலூர் புத்தகக் கண்காட்சியில் சைவச் சமையல் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருக்கு சார்? புதுசா சைவத்துக்கு மாறிட்டீங்களா?"

"எனக்கில்லங்க, வூட்ல அவங்களுக்கு. அவங்க பொறந்ததுலேருந்தே சைவம்."

"அப்ப அவங்களுக்கு எதுக்கு சார் புத்தகம்?"

நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன். சொல்ல ஆரம்பித்திருந்தால் முழுக் கதையையும் அங்கேயே நின்று ஒப்பித்திருப்பேன். என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது, இப்படியே போனால் பிரசவத்தின்போது சிக்கலாகலாம், குழந்தையின் எடையும் குறையலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் போடச் சொல்லி இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார். "சத்தா சாப்பிடச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னதுதான் வினை. அன்றிலிருந்து அவள் தட்டைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

நாங்கள் குன்னம் பக்கம். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் எனக்கு வேலை; அரியலூரில் வாடகை வீடு. அம்மாவும் எங்களோடுதான். கறியும் கருவாடும் புழங்குகிற வீடு எங்களுடையது. சைவம் என்பது வெள்ளிக்கிழமைக்கும் கிருத்திகைக்கும் புரட்டாசி மாதத்துக்கும் உரியது; ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவது. அதனால் முட்டையைக்கூடத் தொடாமல் வளர்ந்த என் மனைவி, பிறந்தது முதல் விரதத்தில் இருக்கிறாள் என்றுதான் மனசுக்குள் எனக்கு ஒரு நினைப்பு. நாங்கள் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணத்துக்கு முன் அவள் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எம் பொண்ண எதையும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாதுங்க." என் அம்மா அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

கண்காட்சியில் இருந்த புத்தகங்களில் பாதி எனக்கு உதவாது. ஒன்று முழுக்க விரதச் சமையல், திறந்தவுடனே மூடிவிட்டேன். இன்னொன்றில் பளபளப்பான படங்கள். அதில் கேட்டிருந்த காய்களை அரியலூர் மார்க்கெட்டில் போய்க் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மற்றவை எல்லாம் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் எழுதியவை. பருப்பு உருண்டைக் குழம்பில் ரத்தம் ஊறுமா என்று அவர்கள் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை போலிருக்கிறது. கடைசியில் கிடைத்த ஒன்றில்தான் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என்ன சத்து என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அதில் சீஸுக்கு மட்டும் தனியாக ஒரு அத்தியாயம். எலும்புக்குக் கால்சியம், தசைக்குப் புரதம், கறி சாப்பிடாதவர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒரு வைட்டமின், எல்லாம் ஒரு சின்னத் துண்டில். கறிக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்தேன்.

"சாம்பார் வைக்க எனக்கே புத்தகமாங்க?" என்று அவள் சிரித்தாள். ஆனாலும் நான் வாங்கி வந்த சீஸைச் சாப்பிட்டாள். காலையில் தோசை மேல் துருவல், மதியம் சாதத்தோடு ஒரு துண்டு, சாயங்காலம் சப்பாத்திக்குள் இன்னொன்று. வெள்ளித்தாளைப் பிரித்துப் பார்த்த அம்மா, "இது துணி தொவைக்கிறதா, திங்கிறதா தம்பி?" என்று கேட்டாள். ஆனால் நல்லது என்று நான் சொன்ன பிறகு எனக்கு மேல் அவள் பிடித்துக்கொண்டாள். அவள் பங்குக்கு ஒரு வேலையும் வைத்திருந்தாள். மாத்திரை என்றால் சூடு, வெறும் தண்ணீரில் போட்டால் வயிற்றைப் புரட்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரும்பு மாத்திரையையும் ஒரு டம்ளர் காய்ச்சிய பாலையும் கையில் கொடுத்துவிட்டு, என் மனைவி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

அடுத்த மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை. கொஞ்சம் குறைந்துகூட இருந்தது. டாக்டரும் குழம்பிப்போனார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், ஏறாவிட்டால் ஊசிதான், அதற்கும் ஏறாவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆலையில் மேற்பார்வையாளர் பேசிக்கொண்டிருப்பார். என் காதில் எதுவும் ஏறாது.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மனைவி அம்மாவிடம் சொன்னாள்.

"அத்தை, சுவரொட்டி வாங்கிட்டு வந்து வறுத்துக் குடுங்க. கண்ண மூடிட்டு முழுங்கிடுறேன்."

சுவரொட்டி என்பது ஆட்டு மண்ணீரல். ரத்தம் ஊற அதைவிட வேறு மருந்தில்லை என்பார்கள் எங்கள் பக்கம். என் அக்காவுக்கு அம்மா அதைத்தான் கொடுத்தாள். இத்தனை நாளும் நாக்கு நுனி வரை வந்து அம்மா விழுங்கிய சொல் அது என்று எனக்குத் தெரியும். ஆகவே இப்போது சந்தோஷமாகக் கிளம்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கிளம்பிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

"வாணாம் ஆயி," என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கு வாக்கு குடுத்துருக்கேன்."

"அவருக்கு நான் சொல்லிக்கிறேன் அத்தை."

"சொல்லிக்குவே. ஆனா உள்ள எறங்காது. இருக்கற ரத்தமும் வாந்தியில போயிடும். வாணாம்."

எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. அவளோ அன்றைக்கே பால்காரரிடம் கூடுதலாக ஊற்றச் சொல்லிவிட்டாள். இனி ஒரு டம்ளர் போதாது என்று பெரிய டம்ளராக மாற்றினாள். நான் என் பங்குக்கு இரவிலும் ஒரு சீஸ் துண்டு சேர்த்தேன். என் மனைவி அதையும் தின்றாள்.

மறுபடி போனபோது அம்மாவும் கூட வந்தாள். ரத்தம் நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காலையிலிருந்து இரவுவரை என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சீஸைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"மாத்திரைய எதுல போடுறீங்க?"

"பால்லங்க," என்றேன்.

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பால்லயும் சீஸ்லயும் இருக்குற கால்சியம் இந்த இரும்பைச் சரியா உள்ள சேர வுடாது. சீஸ் நல்லதுதான், கொழந்தையோட எலும்புக்கு வேணும். அதுக்காக வேளாவேளைக்கா? அதுல உப்பு வேற. மாத்திரைய எலுமிச்சம்பழச் சாறோட போடணும். பாலும் சீஸும் ரெண்டு மணி நேரம் தள்ளி. கீரை, கொள்ளு, பேரீச்சம்பழம் சாப்பிடட்டும்." பிறகு குரலை உயர்த்தினார். "பால்ல போடச் சொல்லி யார் சொன்னது?"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்.

"நானாதான் டாக்டர். கசந்துச்சு, அதான்."

"படிச்ச பொண்ணுதானே நீ? வயித்துல ஒரு உசுரு இருக்குன்னு பயம் வேணாமா?" என்று ஆரம்பித்து அவர் திட்டு திட்டென்று திட்டினார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

எலுமிச்சைச் சாற்றுக்கு மாறிய பிறகு ரத்தம் ஏறியது, ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. வெளியே வந்ததும் அம்மா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"செஞ்சது நானு. நீ எதுக்கு ஆயி எம் பழிய ஏத்துக்கிட்டு ஏச்சு வாங்குன?"

என் மனைவி அம்மாவின் பக்கத்தில் மெதுவாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னத் திட்டுனா வீட்டுக்குப் போயி ரெண்டு இட்லி கூடத் திம்பேன் அத்தை. உங்களத் திட்டியிருந்தா நீங்க ராத்திரி சாப்பிட மாட்டீங்க. ரத்தம் ஏறலைன்னு தெரிஞ்சதுலேருந்து நீங்க பாதி நாள் பட்டினியாதான் படுக்குறீங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அது தெரிந்திருக்கவே இல்லை.